சங்கின் வெண்மையும் உயிரின் சுவடும்

1. வினாவின் எல்லை

திபெத்திய மகளிர் வழிவழியாகப் பூண்டுவரும் அணிகலன்களை ஆராயப் புகுவோர்க்கு முதற்கண் தோன்றும் வியப்பு, கடலைக் கண்ணாலும் கண்டறியாத அம்மேட்டு நிலத்து மாந்தர், கடல் தந்த பொருள்களைத் தம் அணிகளில் இத்துணை மிகுதியாகப் பதித்திருப்பதேயாகும். லாசா நகரத்துப் பிரபு குலப் பெண்டிர் விழா நாட்களில் தலையில் தாங்கிய கவர்பட்ட பெருவணியில் பவழமும் பசுநீலக் கல்லும் செறிந்திருந்தன. அவர்களுள்ளும் மேலான பதவி வகித்தோர் குடும்பத்தார்க்கே அவ்வணியை முத்தினால் இழைத்துப் பூணும் தகுதி இருந்தது. சங்கை அறுத்துக் கடைந்த வளையலும் திபெத்திலும் பூட்டானிலும் மகளிர் கைகளில் இடம்பெற்றது. இவற்றோடு யாக் எருதின் எலும்பிற் கடைந்த ஜபமணிகளையும், தாந்திரிகச் சடங்குகளில் மனித எலும்பினாற் செய்து பூணும் ஆபரணங்களையும் சேர்த்து எண்ணுவோமாயின், கல்லும் உலோகமும் நீங்க எஞ்சியவற்றுட் பெரும்பகுதி ஏதேனும் ஓர் உயிரின் உடலிலிருந்து எடுக்கப்பட்டதென்பது விளங்கும்.

கொல்லாமையைத் தலையாய சீலமாகக் கொண்ட ஒரு சமயத்தைச் சார்ந்த மக்கள், உயிர்களின் உடற்கூறுகளைத் தூய்மைக்கும் மங்கலத்துக்கும் சின்னமாக அணிந்தது எவ்வாறு பொருந்தும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா. இதனை லாசாவில் நின்று கேட்பதினும் தூத்துக்குடியில் நின்று கேட்பது நலம் என்பது என் கருத்து. அங்கே சங்கும் முத்தும் மெருகேறி முடிந்த பொருள்களாக மட்டுமே காணப்படும். இங்கேயோ அவை உயிருள்ள பிராணிகளாகக் கடலடியிற் கிடந்து, மனிதர் கைப்பட்டு, இறந்து, அழுகி, கழுவப்பட்டு, பின்னரே பொருளாகின்றன. இன்று வ.உ.சி. துறைமுகம் என்னும் பெயர் தாங்கி நிலக்கரியும் சரக்குப் பெட்டகங்களும் ஏற்றியிறக்கும் இத்துறை, 1974-ஆம் ஆண்டிற் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இவ்விரு பிராணிகளால் உலகறிந்த கரையாக இருந்தது.

2. வழங்கிவரும் விளக்கங்கள்

இயற்கைப் பொருள்களின் குறியீட்டுப் பொருளை விளக்க முற்பட்டோர் பெரும்பாலும் நிறத்திலிருந்தே தொடங்குவர். சங்கும் முத்தும் வெண்மையாதலின் தூய்மையையும் சந்திரனையும் குறித்தன. பவழம் செம்மையாதலின் குருதியையும் உயிராற்றலையும் குறித்தது என்பது அவர்தம் கொள்கை. இதில் உண்மை இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயினும் நிறமே காரணமாயின், கழுவி மெருகிட்ட யாக் எலும்பும் வெண்மையுடையதே. அவ்வெலும்பிற் கடைந்த மணியை உருட்டும் திபெத்தியத் துறவி அதிற் காண்பது தூய்மையன்று, யாக்கையின் நிலையாமையே. ஒரே வெண்மை ஓரிடத்தில் மங்கலமாகவும் மற்றோரிடத்தில் மரண ஞாபகமாகவும் நிற்குமாயின், அவ்வேறுபாட்டுக்குக் காரணத்தை நிறத்துக்கு அப்பாலேதான் தேட வேண்டும்.

மற்றொரு சாரார் அருமையையும் விலையையும் காரணமாகக் காட்டுவர். திபெத்தில் பவழத்துக்கு மிக்க மதிப்புண்டென்றும், பெண்டிர் கழுத்திலும் தெய்வ உருவங்களின் கழுத்திலும் அதனைப் பூட்டுவர் என்றும் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதியிருப்பது இவர்களுக்கு நல்ல சான்று. முத்துக்கும் இவ்விளக்கம் பொருந்தும். சங்குக்குத்தான் பொருந்தாது. சங்கு அரிய பொருளன்று. பருவந்தோறும் ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் எடுக்கப்பட்டது. வங்க நாட்டில் ஏழைக் குடியானவன் மனைவியும் அணிந்தது. நாகர் மலைகளில் ஆடவர் பிடரியில் தொங்கவிட்டது. அருமை இன்றியும் புனிதம் உண்டு என்பதற்குச் சங்கே தக்க சாட்சி.

பௌத்த நூல் வழி வரும் விளக்கமும் ஒன்றுண்டு. புத்தர் ஞானம் எய்திய பின் உபதேசம் செய்யுமாறு வேண்டிப் பிரமன் பொற்சக்கரமும் இந்திரன் வெண்சங்கும் காணிக்கை தந்தனர் என்பது திபெத்திய ஐதிகம். வலமாகச் சுழிந்த வெண்சங்கு அட்டமங்கலங்களுள் ஒன்று. தருமத்தின் முழக்கம் எத்திசையும் பரவுவதை அது குறிக்கும். ஆனால் சங்கை அறுத்து வளையல் செய்யும் வழக்கம் சிந்துவெளி நாகரிக காலத்திலேயே, அதாவது புத்தர் பிறப்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, குஜராத்துக் கரையில் பெருந்தொழிலாக நடந்ததென்பதை அகழாய்வுகள் மெய்ப்பித்துள்ளன. ஐதிகம் வழக்கத்தைத் தழுவி எழுந்ததேயன்றி, வழக்கம் ஐதிகத்தினின்று பிறக்கவில்லை.

இவ்விளக்கங்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு குறை, பொருளை முடிந்த நிலையிற் கையில் எடுத்துக்கொண்டு பேசுவது. அதற்குள் ஒரு ஜந்து வாழ்ந்திருந்ததென்ற செய்தி இவற்றில் எங்கும் தலைகாட்டுவதில்லை.

3. புலிப்பல்லும் சங்கும்

தமிழ்நாட்டில் சிறுவர்க்குப் புலிப்பல்லைக் கோத்துத் தாலியாக அணிவித்த செய்தி அகநானூற்றிலும் குறுந்தொகையிலும் காணப்படுகிறது. அப்பல் புலியினுடையது என்பதே அதன் சிறப்பு. புலி மறக்கப்படுமாயின் அப்பல்லுக்கு மதிப்பில்லை; அணியும் குழந்தையை அப்பிராணியின் ஆற்றல் காக்கும் என்னும் நம்பிக்கை, அப்பிராணியை நினைவில் வைத்திருப்பதைப் பொறுத்தது. திபெத்திய எலும்பு மணியும் இவ்வகையில் நினைவைச் சார்ந்ததே. அங்கே நினைக்கப்படுவது ஆற்றலன்று, அழிவு என்பது ஒன்றே வேற்றுமை. எலும்பை எலும்பென்று காணாதவனுக்கு அம்மணி எதையும் போதிப்பதில்லை.

சங்கணிந்த வங்க மங்கையோ, முத்தணிந்த லாசாச் சீமாட்டியோ, அணியின்கண் எந்தப் பிராணியை நினைக்கிறாள்? நத்தையின் ஆற்றலோ சிப்பியின் குணமோ தன்னை வந்தடைய வேண்டுமென்று எவளும் வேண்டியதில்லை. திருமாலின் படைகள் ஐந்தனையும் பொன்னிலே சிற்றுருவாகச் செய்து குழந்தைகளுக்குப் பூட்டிய ஐம்படைத்தாலியில், சங்கு தன் ஓட்டையும் துறந்து வெறும் வடிவமாகிவிட்டது. புலிப்பல்லைப் பொன்னிற் செய்தால் அதன் பயன் பாதி குறையும், சங்கைப் பொன்னிற் செய்தால் ஒன்றும் குறைவதில்லை. ஆகவே விலங்குப் பொருள்களின் குறியீடு ஒரே தன்மையது என்று கொண்டு அவற்றை ஒரே அத்தியாயத்தில் விளக்கும் முறை பொருந்தாது என்றே தோன்றுகிறது. ஒருசாரன உயிரை நினைப்பதனாற் பொருள் பெறுவன. மற்றொருசாரன உயிரை மறைப்பதனாற் பொருள் பெறுவன. சங்கும் முத்தும் இரண்டாம் சாரின. அம்மறைப்பு எங்கே, எவர் கையால் நிகழ்கிறது என்பதைக் காணவே கடற்கரைக்கு வருகிறோம்.

4. கடலடியிலிருந்து கொட்டுவரை

மன்னார் வளைகுடாவின் அடித்தரையை இக்கரையினர் இரண்டாகப் பகுத்து அறிவர். பாறைப்பாங்கான 'பார்'களில் முத்துச்சிப்பி வளரும். தொள்ளாயிரம் பார் என்பது அவற்றுட் பெயர்பெற்றது. பார்களுக்கு இடையே பரந்த மணற்றரையில் சங்கு வாழும். விலங்கியலார் டர்பினெல்லா பைரம் என்று வழங்கும் இச்சங்கு, மணலிற் பாதி புதைந்து மெல்ல ஊர்ந்து, அங்குள்ள புழுக்களைத் தின்று வாழும் ஊனுண்ணி. உயிரோடிருக்கையில் அதன் வெண்மை புலப்படாது. பழுப்பு நிறமான தடித்த தோல் ஒன்று ஓடு முழுவதையும் போர்த்திருக்கும். வாயைக் கொம்புபோன்ற ஒரு மூடி அடைத்துக்கொள்ளும். ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்குண்டு, அறையறையாக அமைந்த அதன் முட்டைக் கூட்டை மீனவர் சங்குப்பூ என்பர். வெண்சங்கைப் பாற்கடலோடும் பூரணச் சந்திரனோடும் சேர்த்து எண்ணிப் பழகிய கண், கடலடியில் இப்பழுப்பு ஜந்துவைக் கண்டால் அடையாளம் காணுமா என்பது சந்தேகமே.

கடல் தெளிந்திருக்கும் மாதங்களில், எட்டுப் பத்துப் பாகம் ஆழத்தில், மூச்சடக்கி மூழ்கிச் சங்கு எடுப்பதே பழைய முறை. சிறு சங்குகளை உலோக வளையத்தில் நுழைத்துப் பார்த்து, உள்ளே புகுவனவற்றை மீண்டும் கடலில் விட வேண்டுமென்பது அரசாங்க விதி; சங்கு குளித்தல் நெடுங்காலம் அரசின் ஏகபோக உரிமையாக இருந்தது. இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. தானாக இறந்து கடலடியிற் கிடக்கும் சங்கு வளையலுக்கு உதவாது. புழுவும் கடற்பஞ்சும் துளைத்து, பளபளப்பு மங்கி, அறுக்கும்போது உடைந்துபோகும். உயிரோடு எடுத்த சங்கே வெண்மையும் உறுதியும் உடையது, அதற்கே விலை. எந்த வெண்மை தூய்மையின் சின்னமாக இமயம் வரை சென்றதோ, அந்த வெண்மை கொலையின்றிக் கிடைப்பதில்லை.

எடுத்த சங்குகள் கிட்டங்கிகளிற் குவிக்கப்பட்டன. உள்ளிருக்கும் சதையை உண்பாரும் உண்டு. ஆயினும் ஆயிரக்கணக்கிற் குவியும்போது அதனைத் தோண்டியெடுப்பது இயலாதாகையால், அழுகி ஒழியும்படி விட்டுவிடுவதே வழக்கம். சென்னை மாகாணத்து முத்து, சங்குக் குளிப்புகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-இல் இந்தியாவின் புனிதச் சங்கு பற்றி வெளியிட்ட ஆராய்ச்சியில் இந்நடைமுறைகளை விரிவாகக் குறித்திருக்கிறார். இத்துறையில் அவர் நூலை விஞ்சியது இன்னும் இல்லை என்னலாம். எனினும் அழுகலைத் தொழில் நுட்பமாகவும் புனிதத்தைச் சமய நம்பிக்கையாகவும் தனித்தனியே வைத்து அவர் எழுதினாரேயன்றி, ஒன்றன்மேல் மற்றொன்று நிற்கிறதென்பதை அவர் வினாவாக எழுப்பவில்லை.

முத்தின் வரலாறு இன்னும் கடுமையானது. கரைக்கு வந்த சிப்பிகள் எண்ணி ஏலம் விடப்பட்டபின், வாங்கியோர் அவற்றைக் 'கொட்டு' எனப்படும் வேலிசூழ்ந்த களங்களுக்குக் கொண்டுபோய், நாட்கணக்கில் வெயிலில் அழுகவிடுவர். ஈக்கள் மொய்த்து, புழுக்கள் சதையைத் தின்று தீர்த்த பின்னர், மிச்சத்தை நீரிற் பலகாற் கழுவி, அடியில் தங்கும் மண்ணிலிருந்து முத்தைப் பொறுக்குவர். மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் முத்துச் சலாபம் நடந்த காலங்களில் அந்நாற்றம் காவதம் கடந்து வீசியதென்பதைக் கண்டோர் பலர் எழுதி வைத்துள்ளனர். மண்ணுலகின் மாசு படாதது என்று முத்தைப் பாடிய புலவர்களுள் எத்தனைபேர் கொட்டின் காற்றுப்பக்கம் நின்றிருப்பார்கள் என்று எண்ணாமலிருக்க முடியவில்லை.

முத்து எவ்வாறு உண்டாகிறது என்பது பற்றிய கொள்கைகளும் இம்மறைப்புக்குத் துணை செய்தன. சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி சிப்பியின் வாயிற் புகுந்து முத்தாகும் என்பது நம் நாட்டு நம்பிக்கை. வானத்துப் பனியால் உண்டாகும் என்பது உரோமர் நம்பிக்கை. முத்து பிறக்கும் இடங்களென வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் யானை, பாம்பு, சிப்பி, சங்கு, மேகம், மூங்கில், திமி மீன், பன்றி என எட்டனை எண்ணினார். சிப்பியும் அவ்வெட்டனுள் ஒன்றாய் ஒதுங்கிவிட்டது. இதற்கு நேர்மாறாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை முத்துப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், சிப்பியினுட் புகுந்த நாடாப்புழுவின் இளவுருவைச் சுற்றியே முத்து அமைகிறதென்றார். அக்கொள்கை அப்படியே நிலைபெறவில்லை. சிப்பியின் மேலங்கித் திசு இடம்பெயர்ந்து உட்புகுவதே அடிப்படை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அத்தெளிவைப் பயன்படுத்தியே 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கே. அழகர்சாமி தூத்துக்குடியில் முத்தை வளர்த்தெடுத்தார். இயற்கை முத்துக் குளிப்பு இக்கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது.

உயிரை மறைப்பதென்னும்போது, மறைந்தது சிப்பியின் உயிர் மட்டுமன்று. கொற்கைக் கடலில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்று கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிபுளூஸ் என்னும் கிரேக்க நூல் கூறும். சுறாக்களை மந்திரத்தாற் கட்டும் 'கடல்கட்டி'களுக்கு எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டது என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். குளியாளின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிப்பான், ஏனெனில் கயிறு நழுவினால் அறுபடுவது அவன் உடன்பிறந்தாளின் தாலி என்பது இக்கரையில் இன்றும் வழங்கும் பேச்சு. பேச்சு எவ்வளவு உண்மையாயினும் ஆகுக, ஓர் அணி ஆழத்திலிருந்து ஏறிவரும்போது மற்றோர் அணி கரையிற் பணயமாக நின்றதென்பதை இது உணர்த்துகிறது.

5. அசுரனின் எலும்பு

இதுவரை கூறியதற்குப் புராணங்கள் மாறாக நிற்பதுபோலத் தோன்றலாம். கடலிற் சங்குருவில் வாழ்ந்த பஞ்சஜனன் என்னும் அசுரனைக் கொன்று, அவன் உடலிற் பிறந்த சங்கையே கண்ணன் பாஞ்சசன்னியமாகக் கொண்டான் என்பது பாகவதக் கதை. சங்கசூடன் என்னும் அசுரன் சிவபெருமானால் வதையுண்டபோது அவன் எலும்புகள் கடலில் எறியப்பட்டுச் சங்குகளாயின என்று பிரமவைவர்த்த புராணம் கூறும். பலன் என்னும் அசுரனின் பற்களே முத்துக்களாயின என்பது கருட புராணம். ஸ்மிருதியும் இவ்வாறே, மனு, சங்கைக் கொம்பு, எலும்பு, தந்தம் ஆகியவற்றோடு ஓரினமாக வைத்து, வெண்கடுகுச் சாந்தால் தூய்மை செய்யுமாறு விதித்தார். ஆகவே சங்கு ஓர் உயிரின் எலும்பே என்பதைச் சாஸ்திரகாரர் மறக்கவில்லை.

மறக்கவில்லை என்பது மெய்யே. ஆனால் இக்கதைகளில் என்ன நிகழ்கிறது என்று நோக்குக. கொலை ஒப்புக்கொள்ளப்படுகிறது, கொல்லப்பட்டவன் மாற்றப்படுகிறான். மணலில் ஊரும் நத்தையின் இடத்தில் ஓர் அசுரன் நிறுத்தப்படுகிறான்; பசியும் வியாபாரமும் செய்த கொலை, தெய்வம் செய்த தருமமாகிறது. கழுவித் தீராத எச்சத்தைக் கதை கழுவுகிறது. மனுவின் விதியும், சங்கில் நீக்கத்தக்க அசுத்தம் ஒன்று உண்டென்பதை ஒப்புக்கொண்ட பின்னரே பிறந்தது. திபெத்திய ஐதிகம் இன்னும் ஒருபடி மேற்சென்று, அசுரனையும் நீக்கிவிட்டு, இந்திரன் கையிற் பரிசாகவே சங்கைத் தொடங்குகிறது. கொல்லாமையை வலியுறுத்தும் சமயத்துக்கு அசுர வதையும் ஏற்புடைத்தன்று போலும்.

6. தென்கரையிலிருந்து வடமலைக்கு

இவ்விரு எல்லைகளுக்கும் இடையே உண்மையான சம்பந்தம் இருந்ததா என்பது கேட்கத்தக்கதே. தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்து இன்று உள்நாட்டில் ஒதுங்கிய சிற்றூராகிவிட்ட கொற்கையே கிரேக்கர் குறித்த கொல்கை என்று கால்டுவெல் நிறுவினார். அங்கே 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் நடத்திய அகழாய்வில் அறுத்த சங்குத் துண்டுகளும் சிப்பி ஓடுகளும் கிடைத்தன. மதுரைக்காஞ்சி மதுரை நகரத்துச் சங்கறுத்துக் கடைவோரைச் சுட்டுகிறது. அகநானூற்றுச் செய்யுள் ஒன்று, வேள்வி செய்யாத பார்ப்பான் அரத்தால் வளையறுத்ததையும், அறுத்து எஞ்சிய நுனித்துண்டு கிடப்பதையும் கூறுகிறது. வேள்வியைக் கைவிட்டவன் கைக்கே இத்தொழில் சென்றதென்பது குறிப்பிடத்தக்கது. அணிவோர்க்கு மங்கலமான பொருள், அறுப்போர்க்கு அத்துணை மேன்மை தரவில்லை.

இக்கைத்தொழில் தமிழ்நாட்டில் தேய்ந்து மறைய, வங்கத்தில், சிறப்பாக டாக்காவில், சங்காரிகள் என்னும் வகுப்பாரிடம் நிலைபெற்றது. பிறைவடிவான பெரிய இரும்பு அரம்பத்தைக் காலிடையில் வைத்த சங்கின்மேல் இழுத்து அறுக்கும் அவர்கள், சரக்கின் வகைகளுள் ஒன்றைத் தூத்துக்குடியின் பெயராலேயே வழங்கினர். பதினேழாம் நூற்றாண்டிற் பயணம் செய்த பிரெஞ்சு இரத்தின வணிகர் தாவெர்னியே, டாக்காவிலும் பாட்னாவிலுமாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஆமையோட்டு வளையலும் கடற்சங்கு வளையலும் செய்துவந்தனர் என்றும், அவை பூட்டான், அசாம் முதலிய நாடுகளுக்குச் சென்றன என்றும் எழுதுகிறார். அவர் பூட்டான் என்பது திபெத்தையும் உள்ளடக்கிய வடமலை நாடு என்பர். இச்சான்றை மிகைப்படுத்தலாகாது. யாழ்ப்பாணத்துச் சங்கும் கத்தியவார்ச் சங்கும் அதே சந்தைக்கு வந்தன. ஒரு குறிப்பிட்ட திபெத்திய வளையலைக் கையில் எடுத்து இது தூத்துக்குடிச் சங்கே என்று சொல்ல எவராலும் இயலாது. ஆனால் வழி ஒன்று இருந்தது என்பதில் ஐயமில்லை.

அவ்வழியில் நின்றோரை வரிசைப்படுத்தினால் மற்றோர் உண்மை புலனாகும். மூழ்கி எடுத்தவர், 1530-களிற் போர்த்துகீசியர் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவராகிப் பனிமய மாதாவைப் போற்றும் பரதவரும், முஸ்லிம் குளியாட்களும், வாணிகத்திற் பெரும்பங்கு கொண்டவர் கீழக்கரை மரக்காயர், அறுத்தவர் இந்துக்களாகிய சங்காரிகள், அணிந்தவர் பௌத்தர். மூழ்கியவருள் எவர்க்கும் சங்கு வழிபாட்டுப் பொருளன்று. நடுவே கைமாறும்தோறும் அப்பொருளின் பழைய நினைவு ஒன்று உதிர்ந்தது. தூரம் என்று நான் கருதுவது காவதக் கணக்கை மட்டுமன்று. இக்கைமாற்றங்களையே முதன்மையாகக் கருதுகிறேன். இடைப்பட்ட கைகள் பலவாக, பொருள் தூய்மையாயிற்று.

பவழத்தைப் பற்றி இங்கே சில சொற்கள் போதும். திபெத்தியர் விரும்பிய செம்பவழம் மத்தியதரைக் கடலது; நம் கரையதன்று. தூத்துக்குடித் தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறை அணிகலனாகவில்லை. நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டுச் சுண்ணாம்பாயிற்று. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிப் போனதற்கு அதுவே தலைமைக் காரணமாகக் கூறப்படுகிறது. மிகத் தொலைவிலிருந்து வந்த பவழம் கழுத்தில் ஏறியது. அருகிலிருந்த பவளம் சூளையில் வெந்தது.

7. ஒரு தடையும் ஒரு நிகழ்ச்சியும்

தூரம் மறைக்கிறது என்னும் இக்கொள்கைக்கு வலிய தடை ஒன்று தமிழ் வழக்கிலேயே இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பால் புகட்டுவதும் சங்கு. இறந்தவர் முன்பு ஊதுவதும் சங்கு. ஒருவன் காரியம் முடிந்துவிட்டது என்பதற்குச் சங்கு ஊதியாயிற்று என்று கூறுவது நம் நாட்டார் பேச்சு. வங்கத்தில் சங்கு மணமான பெண்ணின் மங்கலச் சின்னம். கணவன் இறந்தால் உடைத்தெறியப்படும். மரணத்தோடு அங்கே அது உடன் இருப்பதில்லை. தமிழ்நாட்டிலோ மரண வீட்டு வாசலில் நின்று முழங்குகிறது. சங்கின் வெண்மை எங்கும் ஒரே பொருளைத் தரவில்லை என்பதற்கு இது சான்றாவதோடு, சங்கு விளையும் நாட்டில் அதன் மறைப்பு முழுமை பெறவில்லையோ என்றும் எண்ண வைக்கிறது. தமிழகம் முழுவதும் கடற்கரையன்று என்பதும், உள்நாட்டுச் சிற்றூர்களிலும் இவ்வழக்கம் உண்டென்பதும் அறிந்தே இதனை ஓர் ஊகமாக மட்டும் வைக்கிறேன்.

மருத்துவத்தைக் காட்டித் தடை கூறுவாரும் உளர். சித்த மருத்துவத்தின் சங்கு பற்பமும் முத்துப் பற்பமும், திபெத்திய வைத்தியரின் முத்து சேர்ந்த மாத்திரையும், அப்பொருள்களை உடலின் மருந்தாகவே கொள்கின்றன அல்லவா என்பர். ஆயின் பற்பமாவது புடமிட்டுச் சாம்பலாக்கியது. மருந்தாகும் முன்பும் உயிரின் சுவடு எரிக்கப்பட வேண்டியிருக்கிறது.

திபெத்தியரிடையே நிகழ்ந்த ஒரு செய்தி இவ்வினாவுக்கு எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திரத்து அமராவதியில் நடந்த காலசக்கர விழாவில், புலி, சிறுத்தை முதலியவற்றின் தோலை ஆடையிற் பதித்து அணிவதைத் தலாய் லாமா கண்டித்தார். சில வாரங்களுக்குள் திபெத்தின் பல ஊர்களில் மக்கள் தம் தோலாடைகளைத் தாமே குவித்துத் தீயிட்டனர். குடும்பத்தின் பெருஞ்செல்வமாக மதித்தவற்றையே எரித்தனர் என்பது அவர்தம் மனவுறுதிக்குச் சான்று. அத்தீயில் எவரும் சங்கு வளையலையோ முத்து மாலையையோ இடவில்லை. இட வேண்டுமென்று எவரும் சொல்லவுமில்லை. ஒரு தோலாடைக்கு ஒரு புலி. ஒரு முத்துச் சரத்துக்கு மாண்ட சிப்பிகளோ ஆயிரக்கணக்கின. உயிர்களின் எண்ணிக்கை காரணமாயின் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும். புலியினம் அழிவின் விளிம்பில் நிற்பது ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், புலித்தோலில் வரிகள் அப்படியே இருக்கின்றன, அதைக் காண்போன் புலியைக் காண்கிறான் என்பதும், முத்தைக் காண்போன் சிப்பியைக் காண்பதில்லை என்பதும், அத்தீர்ப்பிற் பங்கு கொண்டன என்றே கருதுகிறேன்.

8. வலம்புரியின் சோதனை

சங்குகளுட் புனிதத்தின் உச்சி வலம்புரி. வாய் மேல்நோக்க நுனி கீழாகப் பிடிக்கும் நம் வழக்கப்படி அது வலமாகச் சுழிவது. நுனியை மேலாக நிறுத்தி அளக்கும் விலங்கியலார்க்கு அதே சங்கு இடச்சுழி. இரு சாரார்க்கும் அது இயல்புக்கு மாறான பிறவி என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. இந்துக் கோயில்களும் திபெத்திய மடங்களும் ஒருங்கே விரும்பும் இச்சங்கு மிக அரிதாதலின், போலிகள் பெருகின. மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் இயல்பாகவே அவ்வாறு சுழிந்து வளரும் ஏராளமாகக் கிடைக்கும் வேறோர் இனத்து நத்தையின் ஓடு, மெருகிடப்பட்டு வலம்புரி என்னும் பெயரால் நம் சந்தைகளில் விற்கப்படுகிறது. நிறத்தாலும் சுழியாலும் அதனை வேறு பிரிக்க இயலாது. குறியீட்டு நூல்கள் கூறும் இலக்கணம் அனைத்தும் அதற்கும் உண்டு.

வேறுபடுத்தும் வழி ஒன்றே. மன்னார் வளைகுடாச் சங்கின் வாயினுட் பார்த்தால், நடுத்தண்டின்மேல் மூன்று நான்கு வரம்புகள் குறுக்கே ஓடுவதைக் காணலாம்; அயல்நாட்டு ஓட்டில் அவை இல்லை. ஓட்டினுள் ஒடுங்கும்போது அப்பிராணியின் தசை பற்றிக்கொள்வது அத்தண்டையே. அழுகவிட்டும் தேய்த்தும் மெருகிட்டும், புராணத்தால் அசுரனாக்கியும், கைமாற்றிக் கைமாற்றி மறக்கப்பட்டும் எந்த உயிர் அகற்றப்பட்டதோ, அது பற்றியிருந்த இடத்தை விளக்கொளியிற் பார்த்த பின்னரே, கைதேர்ந்த வணிகர் இது மெய்யான வலம்புரி என்று விலை சொல்கிறார்.